கட்டம், கிறுக்கல், கேள்விக்குறி

ரொம்ப நாளாச்சு எழுதி. மார்ச் முடிவு, ஆடிட், அப்புறம் மாற்றல். ஆமாங்க, மறுபடியும் அந்தமான். இருபது வருஷம் முன்னால் முதல் போஸ்டிங் வந்த அதே ஊர். அப்போது போர்ட் பிளேர், 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். வாயில் பழைய பேர்தான் வருகிறது, அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, எந்த ஊர் போனாலும் பிரிக்காமலே கூட வந்துகொண்டிருந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தோம். உள்ளே ஒரு சிடி. "தமிழ் 2005" என்று மார்க்கர் பேனாவில் என் கையெழுத்து. வீட்டுக் கணினியில் சிடி போட இடமே கிடையாது. ஆபீஸ் நண்பரிடம் வெளியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து, பத்தாவது படிக்கிற மகளிடம் கொடுத்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

"அப்பா, இது என்ன, பிரெஞ்சா?"

எட்டிப் பார்த்தேன். தலையில் கோடு போட்ட ஏ, முக்கால் என்ற பின்னக் குறி, சென்ட் காசுக் குறி, இன்னொரு கோடு போட்ட யூ. பார்த்த உடனே படித்துவிட்டேன். முக்கால், கோட்டு ஏ, சென்ட், கோட்டு யூ என்று வரிசையாக வந்தால் அது "தமிழ்". திஸ்கியில் எழுதிய தமிழ், உலாவி அதை ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தெரியும். 2005-இல் இதைக் கண்ணாலேயே படிக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். பிகாம் படித்தவனுக்கு இது எதற்கு என்றால், காரணம் இருக்கிறது.

2004-இல் இங்கே வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆள். சம்பளம் சேர்த்து, அபர்டீன் பஜாரில் சொல்லி வைத்து, ஒரு அசெம்பிள் பண்ணிய கணினி வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்பி, டயல்-அப் மோடம். அந்த மோடத்தின் கீச்சுச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

இங்கே இணையம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை நேர்கோட்டில் சுமார் ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர். ஆனால் கடலுக்கடியில் கேபிள் கிடையாது. எல்லாமே செயற்கைக்கோள். அது இருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நான் ஒரு பக்கத்தைக் கேட்டால் கேள்வி மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதிலும் அதே போல மேலே போய்க் கீழே வர வேண்டும். நாலு முப்பத்தாறு, ஒரு லட்சத்து 44 ஆயிரம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒளி வேகத்திலேயே அரை நொடி ஆகும். ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால் இருபது தடவை இந்தக் கதை. அதுவும் தீவு முழுக்க அந்தக் கொஞ்சூண்டு அலைவரிசையைப் பங்கு போட்டுக்கொண்டு.

தீவுக்கு ஆகாயம்தான் வழி என்பது புதிதும் இல்லை. 1900-களின் தொடக்கத்திலேயே போர்ட் பிளேருக்கும் பர்மா கரையோரத்து டயமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி ஓடியிருக்கிறது. நூறு வருஷம் கழித்தும் நாங்கள் கம்பி இல்லாமல்தான் இருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26. அன்று நடந்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. கார் நிக்கோபார், கச்சால் என்று தெற்குத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். கச்சாலில் இலங்கை மலையகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் ஆட்களும் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கமும் அதே அலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். எங்கள் வீடு திருத்துறைப்பூண்டி பக்கம், கடலிலிருந்து உள்ளே தள்ளி. நானும் அவர்களும் பிழைத்தோம் என்பது மூன்றாம் நாள் கிடைத்த ஒரு நிமிட போனில் இரண்டு பக்கமும் தெரிந்தது. அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. கப்பல்களெல்லாம் நிவாரண வேலைக்குப் போய்விட்டதால் தபாலும் ஒழுங்காக இல்லை.

ஜனவரி நடுவில் அப்பாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அவர் வாழ்க்கையில் அனுப்பிய ஒரே மின்னஞ்சல் அது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரவுசிங் சென்டர் பையனிடம் சொல்லச் சொல்ல தட்டச் சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தால் இப்படி:

???????? ?????????

கீழே ஒன்றரைப் பக்கம் இதே. நடுவில் அங்கங்கே எண்கள் மட்டும் தெளிவாக.

என் கணினியில்தான் கோளாறு என்று முடிவு பண்ணினேன். ஏனென்றால் அதே நாட்களில் ஊர்ச் செய்தி தேடிப் போன பக்கங்களிலும் தமிழ் வரவில்லை. சிலவற்றில் வெறும் கட்டம் கட்டமாக, சிலவற்றில் கிறுக்கலாக. இதைச் சரி செய்தால் அதுவும் சரியாகும் என்று உட்கார்ந்தேன். (பொட்டி தட்டுகிறவர்கள் இதற்கு மேல் சிரிக்காமல் படிக்கவும்.)

முதலில் கட்டம். கட்டம் தெரிந்தால் நல்ல செய்தி என்று இன்று சொல்வேன். எழுத்து ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது, வரைந்து காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எக்ஸ்பியில் லதா என்ற தமிழ் எழுத்துரு உண்டு. ஆனால் அது தானாக நிறுவப்படாது. கண்ட்ரோல் பேனலில் மொழிகள் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்கிற பெட்டியில் டிக் போட வேண்டும். போட்டால் உடனே எக்ஸ்பி சிடியைக் கேட்கும். என்னிடம் சிடி இல்லை. கணினி விற்றவர் "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். எழுத்துருவை மட்டும் யாரிடமாவது வாங்கிப் போட்டால் போதாதா என்றால், போதாது. "கெ" என்பதில் கணினிக்குள் முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் பதிவாகியிருக்கும். கொம்பைத் தூக்கி முன்னால் போட ஒரு தனி மென்பொருள் துண்டு வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் சில உலாவிகளில் கொம்பு பின்னால் தொங்கும்.

சென்னைக்கு லீவில் போன சக ஊழியர் ஒருவர் பிப்ரவரியில் கப்பலில் திரும்பி வரும்போது சிடி கொண்டு வந்தார். மூன்று நாள் பயணம். டிக் போட்டேன், மறுதொடக்கம் செய்தேன், கட்டம் எல்லாம் தமிழானது. அப்பாவின் கடிதம் மட்டும் அப்படியே.

அடுத்து கிறுக்கல். இதைப் புரிந்துகொள்ளத்தான் நாள் பிடித்தது. எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் காலத்து முறையில் ஓர் எழுத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண். கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு. மேல்பாதி 128 இடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நமக்கோ 247 எழுத்து. எனவே எழுத்தாக வைக்காமல் கால், கொம்பு, சுழி என்று உடைத்து, எது எந்த எண்ணில் என்று ஆளுக்கொரு கணக்கு போட்டார்கள். திஸ்கியில் "த" 190-ஆம் எண். தாப் என்ற முறையில் அதுவே 238. நம்ம ஈழத்து நண்பர்கள் அதிகம் புழங்கிய பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாமல் "தமிழ்" என்பதைப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்துரு. நாலு பேப்பர் படிக்க நாலு எழுத்துரு இறக்க வேண்டும், எங்கள் டயல்-அப்பில்.

கோர் பேங்கிங் வருவதற்கு முன் கிளைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 190-ஆம் நம்பர் கணக்கு என்றால் எந்தக் கிளையில் என்று கேட்க வேண்டும். இங்கே 190 ஒரு மீன் வியாபாரி, மன்னார்குடியில் 190 ஒரு டீச்சர். கிளைப் பேர் எழுதாத செக் போலத்தான், எந்த முறை என்று சொல்லாத பக்கமும். உலாவி தன் ஊர் லெட்ஜரைப் பார்த்து ஆளை மாற்றிப் பணம் கொடுத்துவிடும்.

யூனிகோட் என்பது கோர் பேங்கிங். உலகம் முழுக்க "த"வுக்கு ஒரே எண், 2980. அதை யுடிஎஃப்-8 முறையில் மூன்று மூன்று துண்டாக அனுப்புவார்கள். யூனிகோட் பக்கத்தையும் உலாவி ஐரோப்பியப் பக்கம் என்று நினைத்துவிட்டால், வரிக்கு வரி கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று வியாபார முத்திரையாகக் கொட்டும். இதுவும் பயப்பட வேண்டியது இல்லை. மெனுவில் பார்வை, குறியாக்கம், யுடிஎஃப்-8. மூன்று சொடுக்கு. அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தபோது ராத்திரி பதினொன்றரை மணி, பக்கத்து வீட்டைத் தட்டி எழுப்பிச் சொல்லலாமா என்று இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஒவ்வொரு சிக்கலுக்கும் வழி தேடிப் போனால், வழி சொல்லியிருப்பவர் சென்னையிலோ மதுரையிலோ இல்லை. என்னைப் போல எங்கோ போய் உட்கார்ந்திருக்கிற ஆள்.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர். பூங்குன்றனார் பேரில் "கணியன்" என்று தமிழ் மென்பொருள் செய்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறின. தொடங்கி வைத்தவர் அந்த நாட்டின் அதிபர் ஓங் டெங் சியோங். சீனம், மலாய், ஆங்கிலத்தோடு நம்முடையதும் அங்கே இருந்தது. யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் பெரும்பாலோர் இணையம் என்ற சொல்லையே கேட்டிராத வருஷம் அது. கோவிந்தசாமி 1999-இல் காலமானார், இதன் பலனை முழுசாகப் பார்க்காமலே.

சுவிட்சர்லாந்தின் லோசானில் கு. கல்யாணசுந்தரம். வேதியியல் விஞ்ஞானி. "மயிலை" என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது அவர் முயற்சியில்தான். நம் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றும் வேலை. மலேசியாவில் முத்து நெடுமாறன். முரசு, முரசு அஞ்சல். ஆப்பிள் கணினியோடு வந்த இணைமதி எழுத்துருவும் அவருடையது. கனடாவில் 1980-களிலேயே "ஆதமி" செய்த ஸ்ரீனிவாசன். இப்படி நாலைந்து நாட்டில் இருந்தவர்கள் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் வாதாடி, ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் வரும்படி போட்டுக்கொண்ட ஒப்பந்தம்தான் திஸ்கி. எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அதிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும் தாம், தாப் குறியாக்கங்களும் தமிழக அரசின் தரமாக வந்தன. விசைப்பலகை அருமை, நான் இன்றும் அதில்தான் தட்டுகிறேன். குறியாக்கம்? ஏற்கெனவே இருந்த கிளைகளோடு இன்னும் இரண்டு கிளை திறந்த மாதிரி. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம்.

2000-இல் உத்தமம் அமைப்பு வந்தது. யூனிகோடில் நமக்கு 128 இடம்தான் கொடுத்தார்கள், உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை என்ற வருத்தம் பலருக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. வருத்தத்தோடேயே மாறினோம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதற்குள் வெளியூர் ஆட்கள் பாதிப் பேர் எ-கலப்பையில் தட்டத் தொடங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. எ-கலப்பையைக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவில் இருந்த முகுந்த். பழைய குறியாக்கம் எதைப் போட்டாலும் யூனிகோடாக்கிய "பொங்குதமிழ்" மாற்றி, ஜெர்மனியில் இருந்த யாழ்ப்பாணத்துச் சுரதாவினுடையது.

ஊரில் இருப்பவனுக்குக் காலையில் பேப்பர் வாசலில் விழும். டீக்கடையில் நாலு பேப்பர் கிடக்கும். கணினியில் தமிழ் தெரியவில்லை என்றால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நமக்கு அப்படி இல்லை. அதனால் இந்த வேலை வெளியூர்க்காரர்கள் தலையில் விழுந்தது என்று நினைக்கிறேன். இந்தத் தீவிலும் 2011 கணக்குப்படி நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். சென்னைப் பேப்பர் விமானத்தில் வந்தால் உண்டு.

மார்ச் மாதத்துக்குள் என் கணினியில் எல்லாத் தமிழும் தெரிந்தது. திஸ்கி, தாப், பாமினி, யூனிகோட், எது வந்தாலும் விடமாட்டேன். ஆபீஸில் மூன்று பேர் வீட்டுக்குப் போய்ச் சரி செய்து கொடுத்தேன். ஒரு வீட்டில் மீன் குழம்பு, ஒரு வீட்டில் பிரியாணி. கடிதம் மட்டும் கேள்விக்குறியாகவே நின்றது. எந்தக் குறியாக்கத்தை மாற்றினாலும் அசையவில்லை. சுரதாவின் மாற்றியில் போட்டால் கேள்விக்குறி உள்ளே போய்க் கேள்விக்குறி வெளியே வந்தது.

இதற்கிடையில் ஒருநாள் அப்பாவின் போன். இரண்டு நிமிஷம். "தம்பி, லெட்டர் படிச்சியா?" என்றார். குரலில் ஒரு பெருமை. கணினியில் கடிதம் எழுதிய பெருமை.

"படிச்சேன்ப்பா."

அதைச் சொன்ன பிறகு, திருப்பி எழுதுங்கள் என்று எப்படிக் கேட்பது? சரி, எப்படியும் சரி செய்துவிடுவோம் என்ற தைரியமும் இருந்தது.

மே மாதம் ஊருக்குப் போனபோது அந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பையன் நல்ல பையன். மணிக்கணக்கில் காசு ஏறுமே என்று, அப்பாவுக்காக இணைப்பு இல்லாமலே ஓர் எழுதும் செயலியில் தட்டியிருக்கிறான். தட்டியது எ-கலப்பையில், சுத்தமான யூனிகோட். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கிறது. இந்தக் கோப்பில் உள்ள சில எழுத்துகள் இந்த முறையில் சேமித்தால் தொலைந்துபோகும், தொடரலாமா என்று. "இப்படி ஏதாவது வரும் சார், ஓகே குடுத்துடுவோம்" என்றான். கோப்பு? தினமும் ராத்திரி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. தன் பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால், அந்தக் காலத்து எட்டு பிட் முறையில் சேமிக்கும் மென்பொருள் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். கட்டம் என்றால் எழுத்து இருக்கிறது, உருவம் இல்லை. கிறுக்கல் என்றால் எழுத்து இருக்கிறது, லெட்ஜர் மாறிவிட்டது. கேள்விக்குறி என்றால் எழுத்தே போய்விட்டது. 63-ஆம் எண், கேள்விக்குறி, அது மட்டும்தான் அங்கே இருக்கிறது. எந்த உலாவியாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஐந்து மாதமாக என் வீட்டில் சரி செய்துகொண்டிருந்தது, திருத்துறைப்பூண்டியில் ஒரு சொடுக்கில் முடிந்துபோன விஷயம்.

விண்டோஸின் நோட்பேடே 2019-இல்தான் யுடிஎஃப்-8-ஐத் தானாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு வந்தது. எங்களுக்குக் கேபிள் வந்தது அதற்கு அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து ஹேவ்லாக், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று ஏழு தீவு. மொத்தம் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். இப்போது மகள் இங்கிருந்து வீடியோவில் பாட்டியோடு பேசுகிறாள். உலாவியில் குறியாக்கம் மாற்றும் அந்த மெனுவையே பல உலாவிகளில் எடுத்துவிட்டார்கள். தேவைப்படுகிறவர் யாரும் இல்லையாம். அதனால்தான் என் சிடி அவளுக்கு பிரெஞ்சாகத் தெரிந்தது.

அப்பா 2011-இல் தவறிவிட்டார். கடைசி வரை நான் சொல்லவில்லை.

சிடியில் அந்தக் கடிதமும் இருந்தது. மகளிடம் கதை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, ஸ்பேஸ் எல்லாம் அப்படியே இருக்கே" என்றாள். முதல் சொல்லில் எட்டுக் கேள்விக்குறி. அ, ன, புள்ளி, ப, உகரக் குறி, ள, புள்ளி, ள. எண்ணிப் பார்த்தால் எட்டு. "அன்புள்ள." அடுத்தது ஒன்பது. "தம்பிக்கு" என்று போட்டால் சரியாக வருகிறது.

அதற்கப்புறம் அவள் விடவில்லை. பாட்டியை வீடியோவில் கூப்பிட்டு, கடிதத்தில் தெரிகிற எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். 3 என்றதும் அம்மா சொன்னார், "கடக்கரைலேர்ந்து மூணு குடும்பம் வந்து நம்ம வீட்டுலதானே தங்கியிருந்தாங்க." 11, அவர்கள் இருந்த நாள் கணக்கு. 40, சங்கத்திலிருந்து தாத்தா கேட்டு வாங்கிக் கொடுத்த அரிசி, கிலோவா படியா என்று அம்மாவுக்கு நினைவில்லை. கடைசிப் பத்தியில் 1971 என்று ஓர் எண் வருகிறது. அம்மாவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் ஆனது 1974-இல்.

1971-க்கு முன்னால் ஏழு கேள்விக்குறி, பின்னால் நாலு. மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதோடு உட்கார்ந்திருக்கிறாள்.